இ350 பிளேட்டுக்கு மூன்று கடையில் மூன்று விலை: எது சரி?

கேள்வி இதுதான். வாலாஜாவில் சின்ன ஃபேப்ரிகேஷன் ஷெட் வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்கிறார். ஒரு ஜல்லி கிரஷருக்கு ஹாப்பரும் (கல் கொட்டும் பெரிய புனல்) அதைத் தாங்கும் தூண்களும் செய்யும் ஆர்டர் கிடைத்திருக்கிறது. டிராயிங்கில் 12 மி.மீ., 16 மி.மீ. பிளேட், ஐஎஸ் 2062 இ350 பிஆர் என்று போட்டிருக்கிறது. மூன்று இடத்தில் விலை கேட்டால் கிலோ 61, 66, 71.50 என்று மூன்று விதமாகச் சொல்கிறார்கள். இரும்புக்கு இரும்பு பத்து ரூபாய் வித்தியாசம் எப்படி வரும், 61-க்கே வாங்கலாமா?

தம்பி, மூன்று பேரும் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மூன்று பேரும் மூன்று வேறு சரக்குக்கு விலை சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் "இ350 பிளேட் கிலோ எவ்வளவு?" என்று ஒரு வரியில் கேட்டிருப்பீர்கள், ஒவ்வொருவரும் தனக்கு வசதியான பதிலைச் சொல்லிவிட்டார்கள்.

இது உங்கள் தப்பு இல்லை. நம் ராணிப்பேட்டைப் பக்கம் ஷெட் போட்டவர்களில் பாதிப்பேர் தொழில் கற்றது பெல் (பிஎச்இஎல்) ஆலையையும் சிப்காட் தொழிற்பேட்டையையும் சுற்றித்தான். அங்கே ஜாப் ஒர்க் எடுத்தால் பிளேட்டைக் கம்பெனியே கொடுத்துவிடும், கட்டிங் பிளானும் கூடவே வரும், நாம் வெட்டி, வளைத்து, வெல்டிங் அடித்துக் கொடுத்தால் போதும். அதனால் வெல்டிங்கில் நம் ஆட்கள் கெட்டி, பிளேட் வாங்குவதில் பச்சைக் குழந்தை. நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் தடவை சொந்தமாக இ410 வாங்கப் போய்ச் சூடு பட்டேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெயர். ஐஎஸ் 2062-ல் இ என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் எண் அந்த எஃகின் குறைந்தபட்ச ஈல்டு, அதாவது இழுத்தால் பழைய நிலைக்குத் திரும்பாமல் நீளத் தொடங்கும் வலிமை, மெகாபாஸ்கலில். சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) என்று நாம் வாங்குவது இ250. அதற்கு மேலே இ275, இ300, இ350, இ410, இ450 என்று இ650 வரை போகும். ஆனால் அந்த எண் 20 மி.மீ.க்குக் கீழே உள்ள பிளேட்டுக்குத்தான். இ350 பிளேட் 20-லிருந்து 40 மி.மீ. வரை 330 இருந்தால் போதும், 40-க்கு மேல் 320. உங்கள் 12-க்கும் 16-க்கும் முழு 350 வேண்டும்.

பின்னால் வரும் ஏ, பிஆர், பி0, சி என்பதுதான் நிறையப் பேர் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போகும் இடம். ஏ என்றால் இம்பாக்ட் டெஸ்ட், அதாவது திடீர் அடியைத் தாங்குமா என்ற சோதனை, கிடையாது. பிஆர் என்றால் அறை வெப்பத்தில் இம்பாக்ட் டெஸ்ட், அதுவும் வாங்குபவர் கேட்டால்தான். பி0 என்றால் பூஜ்யம் டிகிரியில், சி என்றால் மைனஸ் 20-ல். வேலூர் வெயிலுக்கு எதற்கப்பா மைனஸ் 20 என்று சிரிக்கலாம், நம் கிரஷருக்கு அது தேவையும் இல்லை. ஆனால் ஏ-வுக்கு விலை சொன்னவரும் பிஆர்-க்கு விலை சொன்னவரும் "இ350" என்றே சொல்லியிருப்பார்கள். உங்கள் பத்து ரூபாயில் ஒரு பங்கு இங்கே ஒளிந்திருக்கிறது.

இன்னொரு பொறி பழைய பெயர். முன்பு இதே ஐஎஸ் 2062-ல் எஃப்இ 410 என்று எழுதுவார்கள். அந்த 410 ஈல்டு இல்லை, இழுத்து அறுபடும் வலிமை. அதாவது எஃப்இ 410 என்பது இன்றைய இ250. இ410 என்பது அதைவிட ரொம்ப வலுவான வேறு சரக்கு. மீடியம், ஹை டென்சைல் எஃகுக்கென்று ஐஎஸ் 8500 என்று தனிப் புத்தகம் இருந்தது, அதை 2006 பதிப்பில் ஐஎஸ் 2062-க்குள் சேர்த்துவிட்டார்கள். அந்தக் கணக்கில் எஃப்இ 490 தான் இன்றைய இ350. பழைய டிராயிங்கை வைத்துக்கொண்டு "410 கிரேடு" என்று போனில் கேட்டால் கடைக்காரர் எதைப் புரிந்துகொள்வார் என்பது அவர் மனசாட்சியைப் பொறுத்தது.

சரி, விலைக்கு வருவோம். இ250-யும் இ350-யும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். எடையும் ஒன்றே. தட்டிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. அரிசி என்றால் கையில் எடுத்துப் பார்க்கலாம், ஆற்காடு மக்கன் பேடா என்றால் பிட்டு வாயில் போட்டுப் பார்க்கலாம், பிளேட்டை என்ன செய்வது? ஆக நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசில் ஒரு பகுதி உள்ளே சேர்த்த மாங்கனீஸுக்கும் நையோபியத்துக்கும், இன்னொரு பகுதி "இது இ350 தான்" என்ற நிரூபணத்துக்கு. ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வந்த சரக்கு என்று காட்டும் எண்), டெஸ்ட் சர்டிபிகேட் என்ற டி.சி., மில்லிலிருந்து உங்கள் ஷெட் வரை அறுபடாமல் வந்த சங்கிலி, இதெல்லாம்தான் அந்த நிரூபணம். 61-க்கும் 71-க்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் அந்தச் சங்கிலிதான்.

மில் விலை எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் பேரம் பேசும்போது உதவும். மில் ஒரு பேசிக் விலை சொல்லும், அது பெரும்பாலும் மாதத்துக்கு ஒரு தடவை மாறும், சந்தை ஆட்டம் போட்டால் நடுவிலும் மாறும். அதன் மேல் எக்ஸ்ட்ரா என்று ஒவ்வொன்றாக ஏறும். கிரேடுக்கு ஒன்று, வழக்கத்துக்கு மாறான கனத்துக்கும் அகலத்துக்கும் ஒன்று, நார்மலைசிங் (திரும்பச் சூடாக்கி ஆறவைப்பது) கேட்டால் ஒன்று, அல்ட்ராசோனிக் டெஸ்ட் கேட்டால் ஒன்று, இம்பாக்ட் டெஸ்டுக்கு ஒன்று, மூன்றாம் தரப்பு ஆய்வாளர் வந்து முத்திரை குத்த வேண்டும் என்றால் இன்னொன்று. அப்புறம் லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, ஸ்டாக்கிஸ்ட் லாபம், கடன் நாளுக்கு வட்டி, கடைசியாக 18 சதவீதம் ஜிஎஸ்டி. கிலோ 61 என்று ஒருவர் சொல்லும்போது இந்த ஏணியில் எந்தப் படியில் நின்றுகொண்டு சொல்கிறார் என்று கேட்கத்தான் வேண்டும்.

கடன் விஷயத்தை ரொம்பப் பேர் விட்டுவிடுவார்கள். 60 நாள் கடனில் 66 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒன்றரை வட்டி என்றால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 2 ரூபாய், அதாவது ரொக்கத்துக்கு அது 64 தான். ரொக்கம் 61 சொன்னவருக்கும் இவருக்கும் உண்மையான வித்தியாசம் 3 ரூபாய், 5 இல்லை.

பேசிக் விலை ஏன் ஆடுகிறது? நம் நாட்டில் இரும்புத்தாது இருக்கிறது, ஆனால் எஃகு உலைக்கு வேண்டிய கோக்கிங் கோல் என்ற கரி பெரும்பகுதி வெளியிலிருந்துதான், அதிலும் ஆஸ்திரேலியாதான் முக்கியம். 2022 மார்ச்சில் உக்ரைன் போர் நேரத்தில் அந்தக் கரி டன் 600 டாலரைத் தாண்டியது. அடுத்த மாதமே ஹெச்ஆர் காயில் (சூடாக உருட்டிச் சுருட்டிய தகடு) இங்கே டன் 70,000 ரூபாய்க்கு மேல். அப்புறம் 2022 மே மாதம் மத்திய அரசு எஃகு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டது, வெளியே போக வேண்டிய சரக்கு உள்ளேயே தேங்கியது, விலை சரசரவென்று இறங்கியது. நவம்பரில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். அந்த ஏப்ரலில் கோட்டேஷன் கொடுத்து மே மாதம் பிளேட் வாங்கியவர்கள் சிரித்தார்கள், ஏப்ரலிலேயே ஸ்டாக் வாங்கி அடுக்கியவர்கள் அழுதார்கள். நான் இரண்டாவது ரகம், போகட்டும். 2024-ல் சீனா 10 கோடி டன்னுக்கு மேல் எஃகு ஏற்றுமதி செய்தது, அதில் நம் சந்தையும் நசுங்கியது, 2025 ஏப்ரலில் தட்டை எஃகு இறக்குமதிக்கு 12 சதவீதம் பாதுகாப்பு வரி போட்டார்கள். இப்படி டெல்லியில் ஒரு அறிவிப்பு வந்தால் அன்று சாயங்காலமே சென்னை சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் விலை ஏறிவிடும். இறங்கும் அறிவிப்பு வந்தால் மட்டும் "அண்ணே, பழைய ஸ்டாக் தீரட்டும்" என்பார்கள். அதனால் பர்ச்சேஸ் ஆர்டரில் "ஆர்டர் தேதி விலை" என்று எழுதி வாங்குங்கள். எழுதாவிட்டால் "அனுப்பும் தேதி விலை" என்று அவர்கள் பில் போடுவார்கள்.

சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதும் விலையில் ஒரு பங்கு. சேலத்தில் ஸ்டீல் பிளான்ட் இருக்கிறதே, அங்கே வாங்கினால் லாரி வாடகை மிச்சம் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். சேலம் ஆலை ஸ்டெயின்லெஸ் பக்கம், நம் கட்டமைப்பு பிளேட்டுக்கு அது வழி இல்லை. நம் கைக்கு வருவது பிலாய், ரூர்கேலா, அங்குல், ஹசீரா மாதிரி இடத்துப் பிளேட் மில் சரக்கு, அல்லது பல்லாரிப் பக்கத்து ஹெச்ஆர் காயிலை நேராக்கி வெட்டிய சரக்கு. இந்த இரண்டும் ஒன்றல்ல. காயிலிலிருந்து வெட்டிய 10, 12 மி.மீ. பிளேட்டில் சுருண்டு கிடந்த ஞாபகம் கொஞ்சம் மிச்சம் இருக்கும், பிளாஸ்மாவில் நீளமாகக் கீற்று வெட்டினால் வாழை மட்டை மாதிரி வளையும். ஹாப்பர் சுவருக்கு அது பரவாயில்லை. நீளமான தூண் ஃபிளாஞ்சுக்குப் பிளேட் மில் சரக்கே நல்லது. விலையில் பிளேட் மில் சரக்கு பொதுவாக ஒரு படி மேலே நிற்கும். உங்களுக்கு 61 சொன்னவர் எதற்குச் சொன்னார் என்று கேட்டீர்களா?

அடுத்தது எடை. இதில்தான் தெரியாமலே காசு போகும். எஃகு ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் 7.85 கிலோ. 12 மி.மீ., 1500 அகலம், 6300 நீளம் என்றால் ஏறக்குறைய 890 கிலோ. இது கணக்கு எடை, செக்‌ஷன் வெயிட் என்பார்கள். ஆனால் மில்லில் உருட்டும்போது கனம் கொஞ்சம் முன்னே பின்னே போகும், அதற்கு அனுமதியும் உண்டு. உண்மையில் 11.6 மி.மீ. இருந்தால் அந்தப் பிளேட் 860 கிலோதான். கடைக்காரர் செக்‌ஷன் வெயிட்டில் பில் போட்டால் ஒவ்வொரு பிளேட்டிலும் 30 கிலோ காற்றுக்கு நீங்கள் காசு கொடுக்கிறீர்கள், கிலோ 65 என்றால் 1,950 ரூபாய். கனம் 12.5 இருந்து எடைமேடைக் கணக்கில் பில் வந்தால் 37 கிலோ அதிகம், அதுவும் உங்கள் தலையில், ஏனென்றால் உங்கள் கிரஷர்காரர் டிராயிங் எடைக்குத்தான் காசு தருவார். ஆக எந்த எடையில் பில் என்று முதலிலேயே பேச வேண்டும், பிளேட் இறங்கும்போது நாலு மூலையிலும் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஓரத்தில் மட்டும் அளந்து ஏமாறாதீர்கள், வெட்டிய ஓரத்தில் பிசிறு இருக்கும், கொஞ்சம் உள்ளே தள்ளி அளக்கவும். எடைமேடை என்றால் வண்டி காலியாகவும் லோடோடும் ஒரே மேடையில் ஏற வேண்டும். டிரைவர் டீசல் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்து லோடு எடை போட்ட கதையெல்லாம் நம் ஊரில் புதிது இல்லை.

இனி வேஸ்டேஜ். உங்கள் துண்டு 2200 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம், அகலம் சரியாகப் பொருந்துகிறது. 6300 பிளேட்டில் இரண்டு துண்டுதான் வரும், 1900 மிச்சம். 61 ரூபாய்க்கு வாங்கி, அந்த மிச்சத்தை 30 ரூபாய்க்கு ஸ்கிராப்பில் போட்டால், உள்ளே போன பிளேட் உங்களுக்குக் கிலோ 74 ரூபாய் 39 காசு விழுகிறது. 71.50 சொன்னவர் அளவுக்கு வெட்டி, ஷெட்டில் இறக்கித் தருகிறார் என்றால் அவர்தான் மலிவு! அந்த 1900 துண்டு கசெட்டுக்கோ பேஸ் பிளேட்டுக்கோ பயன்படும் என்றால் கணக்கு திரும்பவும் மாறும். அதனால் கடைக்குப் போன் போடுமுன் நெஸ்டிங், அதாவது எந்தத் துண்டு பிளேட்டில் எங்கே வரும் என்ற அடுக்கு, போட்டுப் பாருங்கள், கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் கிராஃப் தாளில் போடுங்கள். அரை மணி நேர வேலை. பேரம் பேசி ஒரு ரூபாய் குறைப்பதைவிட இதில் அதிகம் மிச்சம் ஆகும்.

இப்போது யாரும் உங்களிடம் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். உங்கள் ஹாப்பருக்கு இ350 எதற்கு?

ஜல்லி உரசித் தேய்வதற்காகப் போட்டிருக்கிறார்கள் என்றால் அது தப்பு மருந்து. தேய்மானத்துக்குக் கடினத்தன்மை வேண்டும், இ350-யின் கடினத்தன்மை இ250-யைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கல் அதைச் சட்டை செய்யாது. அதற்குப் பிரினெல் என்ற கடினத்தன்மை அளவில் 400 இருக்கும்படி குவென்ச் செய்து டெம்பர் செய்த வேர் பிளேட் இருக்கிறது, ஹார்டாக்ஸ் என்று ஸ்வீடன் கம்பெனியின் பெயரையே எல்லோரும் சொல்வார்கள். விலை அதிகம்தான், ஆனால் ஹாப்பர் உடலை இ250-யில் செய்து, கல் விழும் இடத்தில் மட்டும் அந்த வேர் பிளேட்டை லைனராக போல்ட் போட்டால் மொத்தச் செலவு குறையும், தேய்ந்தால் லைனரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். டிராயிங் போட்டவரிடம் மரியாதையாக ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர் வேண்டாம் என்றால் டிராயிங் படியே செய்யுங்கள். நீங்களாக மாற்றாதீர்கள்.

கனத்தைக் குறைக்கத்தான் இ350 என்றால் அங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. நேராக இழுபடும் உறுப்பு என்றால் 350-க்கு 250, பிளேட்டின் கனம் 28 சதவீதம் வரை குறையலாம். ஆனால் சுவர் மாதிரி வளையும் பிளேட்டில் வர்க்கமூலக் கணக்கு, 15 சதவீதம்தான் கிடைக்கும். 12 மி.மீ. இ250-க்குப் பதில் 10.14 வேண்டும், அந்த 0.14-க்காக 10-ஐ எடுக்க முடியாது. 16-க்குப் பதில் 13.5, ஆக 14. இ250 கிலோ 60, இ350 கிலோ 66 என்று வைத்தால், 16-க்கு 960, 14-க்கு 924. கஷ்டப்பட்டு மிச்சம் பிடித்தது 4 சதவீதம்கூட இல்லை, அது வெல்டிங் ராடிலேயே போய்விடும். வளைந்து தொய்வதை எடுத்தால் இன்னும் மோசம், எந்தக் கிரேடாக இருந்தாலும் விறைப்பு ஒன்றுதான். 12-ஐ 10 ஆக்கினால் பிளேட்டின் விறைப்பு 42 சதவீதம் குறையும், ஹாப்பர் சுவர் டிரம் மாதிரி அதிரும். ஒல்லியான உயரமான தூண் நெளிவதிலும் இதே கதைதான். அதிர்வில் வெல்டிங் விரிசல் விடும் இடத்திலும் உயர் கிரேடு கைகொடுக்காது. பாரம் ஏற்றி ஓடும் டிப்பர் சேஸிஸ், டிரெய்லர், கிரேன் பூம், இங்கெல்லாம் சொந்த எடை குறைந்தால் தினமும் லாபம், அங்கே இ350-யும் இ450-யும் பணத்தைத் திருப்பித் தரும். தரையில் நிற்கும் கிரஷர் ஸ்டாண்டுக்கு அந்த லாபம் கிடையாது.

என் கதையைச் சொல்கிறேன் என்றேன். சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு லிஃப்டிங் பீம், 16 மி.மீ. இ410. மொத்தம் 4 டன்தான். சென்னையில் ஒரு டிரேடர், பெயர் வேண்டாம், மற்றவர்களைவிட 4 ரூபாய் குறைத்துச் சொன்னார். டி.சி. உண்டா என்றேன், "உண்டு அண்ணே" என்றார், ஜெராக்ஸ் ஒன்று வந்தது. கிரேடு இ410, எண்கள் எல்லாம் அழகாக இருந்தன. நான் பார்த்தது அவ்வளவுதான். வெட்டினோம், வெல்டிங் முடித்தோம், பெயின்டும் அடித்தோம். மூன்றாம் தரப்பு ஆய்வாளர் வந்தார், வயதான மனிதர், சத்தமே போடமாட்டார். டி.சி.யைக் கையில் வாங்கினார், "இதில் கனம் 10 மி.மீ. என்று இருக்கிறதே, உங்கள் பீம் 16 ஆயிற்றே" என்றார். எனக்குக் காது அடைத்துவிட்டது. மிச்சத் துண்டில் ஹீட் நம்பர் தேடினோம், பன்ச் இருந்த இடத்தில் கிரைண்டர் ஓடியிருந்தது. துண்டை லேபுக்கு அனுப்பினோம், ஈல்டு 280-க்கும் கீழே. சாதாரண எம்.எஸ்.! டிரேடர் "நானும் இன்னொருத்தர்கிட்ட வாங்கினதுதான் அண்ணே" என்றதோடு சரி. 4 டன்னுக்கு 16,000 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் பிளேட், ஆள்கூலி, கேஸ், பெயின்ட் எல்லாம் போனது. அந்தப் பீம் ஒன்று ஷெட் பின்னால் ரொம்ப நாள் கிடந்தது, பசங்க அதில் உட்கார்ந்துதான் டீ குடிப்பார்கள்.

ஆக டி.சி. வந்ததும் பார்க்க வேண்டியது கிரேடு வரி மட்டுமல்ல. அதில் இருக்கும் ஹீட் நம்பரும் பிளேட் நம்பரும் பிளேட்டின் மேல் பன்ச்சிலோ ஸ்டென்சிலிலோ அதே எழுத்தாக இருக்கிறதா, கனமும் அகலமும் நீளமும் உங்கள் பிளேட்டோடு சேர்கிறதா, சப்ளை செய்த எடை எவ்வளவு என்று பாருங்கள். மொத்தம் 9 டன்னுக்குக் கொடுத்த டி.சி.யை வைத்து 40 டன் விற்பவர்கள் உண்டு. ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று லைசென்ஸ் நம்பர் இருக்கும், அதை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் எந்த மில், லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். ஈல்டை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். இ250 பிளேட் சிலது 330, 350 ஈல்டுகூடக் காட்டும், அதைக் காட்டி "இது இ350 தானே" என்பார்கள். அறுபடும் வலிமை 490 இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

சந்தேகம் என்றால் இழுத்து அறுத்துப் பார்க்கும் முழு டென்சைல் டெஸ்டுக்கு முன், எஃகில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ எடுத்துவிடுங்கள். உள்ளங்கை அளவு துண்டு போதும், கிண்டி, அம்பத்தூர் பக்கம் லேப்கள் இருக்கின்றன, டென்சைலைவிடச் செலவும் நேரமும் குறைவு. சாதாரண எம்.எஸ்.ஸில் மாங்கனீஸ் பெரும்பாலும் 1 சதவீதத்துக்குக் கீழே நிற்கும். இ350 என்றால் அதைத் தாண்டியிருப்பதுதான் வழக்கம், உச்ச வரம்பு 1.55. கூடவே நையோபியமோ வனேடியமோ டைட்டானியமோ துளி தென்படும். இரண்டுமே இல்லை என்றால் டென்சைல் பார்க்காமல் வெட்டாதீர்கள். அதே ரிப்போர்ட்டில் கார்பன் ஈக்விவலன்டும் (வெல்டிங்குக்கு எவ்வளவு ஒத்துவரும் என்று காட்டும் எண்) கிடைக்கும், இ350 பிஆர்-க்கு அது 0.47-க்குள் இருக்க வேண்டும். வெல்டிங்குக்கு, 16 மி.மீ. பிளேட்டில் 7018 ராடை ஓவனில் 300, 350 டிகிரியில் காயவைத்து அடித்தால் போதும். மார்கழிக் காலையில் பிளேட்டில் பனி ஈரம் இருந்தால் டார்ச் காட்டி உலர்த்திவிட்டு ஆரம்பியுங்கள். வளைக்கும் வேலை இருந்தால் மடிப்புக் கோடு உருட்டிய திசைக்குக் குறுக்கே வரும்படி மடக்குங்கள். திசையோடு மடக்கினால் வெளி ஓரத்தில் முடி மாதிரி விரிசல் வரும், எம்.எஸ்.ஸில் தப்பிப்பது இதில் தப்பிக்காது.

பில் இல்லாமல் 3 ரூபாய் குறைவு என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். 18 சதவீத உள்ளீட்டு வரவு போவது ஒருபுறம், அந்தப் பிளேட்டுக்கு டி.சி. கேட்கும் உரிமையும் சேர்ந்து போய்விடும். பில் இருந்தாலும் விற்றவர் ரிட்டர்னில் ஏற்றி அது உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் தெரிந்தால்தான் வரவு, புதுக் கடை என்றால் முதல் மாதம் அதைக் கவனியுங்கள். இன்னொன்று, கப்பல் உடைத்த பிளேட் சில இடங்களில் சுத்தம் செய்து ஆயில் தடவிக் கிடக்கும். கேட் செய்ய, குழி மூட நல்ல சரக்கு. கல் பாரம் தாங்கும் தூணுக்கு அது வேண்டாம்.

இப்போது அந்த மூன்று பேருக்கும் ஒரே மெசேஜ் அனுப்புங்கள், இப்படி: "ஐஎஸ் 2062 இ350 பிஆர், 12 மி.மீ. இத்தனை பிளேட், 16 மி.மீ. இத்தனை பிளேட், அளவு இது, பிளேட் மில் சரக்கா காயில் கட்டா, எந்த மில், ஒரிஜினல் டி.சி. ஹீட் நம்பரோடு பிளேட்டில் பன்ச் இருக்குமா, பில் எடைமேடையிலா செக்‌ஷன் வெயிட்டிலா, விலை உங்கள் கோடவுனிலா வாலாஜாவில் இறக்கியா, ஏற்றுகூலி யார், ஜிஎஸ்டி சேர்த்தா தனியா, ரொக்கமா எத்தனை நாள் கடன், விலை எந்தத் தேதி வரை செல்லும்." பதில் வந்ததும் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன், 61 சொன்னவர் பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லமாட்டார், அல்லது "வாங்க அண்ணே, நேர்ல பேசலாம்" என்பார். 66-ம் 71.50-ம் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்துவிடும். பெங்களூர் பக்கமும் ஒரு விலை கேட்டு வையுங்கள், தூரம் கூடுதல்தான், ஆனால் சென்னைக்குச் சரக்குத் தேடிக் காலியாக வரும் லாரி கிடைத்தால் வாடகை இடிக்காது.

பிளேட் இறங்கிய அன்றே, வெட்டுவதற்கு முன், ஹீட் நம்பரைப் போட்டோ எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் பெயின்ட் மார்க்கரில் அதை மாற்றி எழுதச் சொல்லுங்கள். பசங்க சலித்துக்கொள்வார்கள், விடாதீர்கள். பன்ச் இருக்கும் மூலையை மட்டும் ஓர் அடி நீளத்துக்கு வெட்டாமல் எடுத்து அலமாரியில் போட்டு, கிரஷர்காரரின் கடைசி செக் பாஸாகும் வரை வைத்திருங்கள்.